காருக்கென்று வாங்கிய ஸ்ப்ரே கன்

வாஞ்சிநாதன் பாங்க்கில் முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்தார் என்று சொன்னால், உடனே கட்டுக்கட்டாக நோட்டு எண்ணியவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் இருந்தது கட்டடப் பராமரிப்புப் பிரிவு. கிழக்கு இந்தியாவில் எத்தனையோ கிளைகளில் இருக்கும் சுழல மறுக்கும் சுழல்நாற்காலிகளும், மூடினால் திறக்காத அலமாரிகளும் அவர் கையெழுத்தில் வாங்கப்பட்டவை. எதிலும் அவர் ஒரு முறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. மூன்று கம்பெனிகளிடம் விவரம் கேட்டு, கட்டம் போட்டு ஒப்பிட்டு, கடைசிக் கட்டத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதுவார். அவர் ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு சாய்வு நாற்காலி கொடுத்தார்கள். அது அவர் தேர்ந்தெடுத்ததல்ல என்பதால் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய மனைவி நாகலக்ஷ்மி ஸ்ப்ரே கன் வாங்கும் பொறுப்பைக் கொடுத்தாள்.

நாகலக்ஷ்மி இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தியவள். ஓய்வு பெற்ற மறுமாதமே மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தாள். ஏதோ பொழுதுபோக்கு, ஆறு மாதத்தில் விட்டுவிடுவாள் என்று வாஞ்சிநாதன் நினைத்தார். ஆறாவது மாதம் அவள் காரை விற்றாள். காளிகாட் மெட்ரோவிலிருந்து பத்து நிமிஷ நடையில், மூன்று மாடிக் கட்டடத்தில் அவர்கள் ஃபிளாட். அதன் கீழே இருந்த கார் ஷெட்டில் சக்கரம் வந்தது, மின்சூளை வந்தது, மூட்டை மூட்டையாகக் கல்மாவு வந்தது. கார் போனதில் வாஞ்சிநாதனைவிட அதிகம் சந்தோஷப்பட்டது தெருக்காரர்கள்தான்; அவர் ஓட்டும் விதம் அப்படி.

கிளேஸ் என்பது தட்டின்மேல் கண்ணாடிபோலப் படிகிற பூச்சு. பார்த்தால் பெயிண்ட் மாதிரி இருக்கும், பெயிண்ட் அல்ல. கல்லையும் சாம்பலையும் நைசாக அரைத்துத் தண்ணீரில் கரைத்த குழம்பு அது. சூளைச் சூட்டில் உருகித்தான் நிறம் காட்டும். நாகலக்ஷ்மி இரண்டு வருஷமாக ஒரே ஒரு நிறத்தின் பின்னால் அலைந்தாள். கல்யாணப் பூசணிக்காயின் தோலில் பச்சைக்கு மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்குமே, அந்த நிறம். சின்ன ஓட்டுச் சில்லில் பூசிச் சுட்டுப் பார்த்ததில் நூற்றுப் பதினான்கு முறை தப்பாக வந்தது. ஒவ்வொரு தப்புக்கும் நோட்டில் தேதி போட்டுக் காரணம் எழுதினாள். நூற்றுப் பதினைந்தாவது ஓட்டுச் சில்லில் பூசணிக்காய் வந்தது. அன்றைக்கு அவள் வீட்டில் பூசணிக்காய் அல்வாவே கிளறினாள்.

அந்தச் சில்லைப் பார்த்து மயங்கித்தான் வைஷாலி வந்தாள். கோயமுத்தூர்ப் பெண். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு நியூ டவுனில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறக்கப்போகிறாள். பொய்லா பைசாக் அன்று திறப்பு. நம் வருஷப் பிறப்பை ஒட்டி வருகிற வங்காளிகளின் வருஷப் பிறப்பு. அதற்கு இருபத்து நான்கு பெரிய தட்டுகள், எல்லாம் அந்தப் பூசணிக்காய் நிறத்தில்.

"முக்கி எடுத்தா இடுக்கி பிடிச்ச எடம் தழும்பா தெரியறதுன்னா," என்றாள் நாகலக்ஷ்மி. "மேல ஊத்தினா வழிஞ்சு கோடு விழறது. இந்த சைஸ் தட்டுக்கு ஸ்ப்ரேதான் சரி. கம்ப்ரஸரை நம்ம கார்ப்பென்டர் இரவல் தரேன்னுட்டான். கன் மட்டும் சாந்தினில போய் நீங்க பார்த்து வாங்கிண்டு வந்துடுங்கோ."

"என்ன மாடல்?"

"மாடல் எல்லாம் எனக்குத் தெரியாது. நாசில் துவாரம் ரெண்டு மில்லிமீட்டர் இருக்கணும். உள்ள ஊசி ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். இது அரைச்ச கல்லு, சின்ன துவாரத்துல போகாது. கடைக்காரன்கிட்ட தட்டுக்கு கிளேஸ் அடிக்கன்னு சொல்லுங்கோ, போறும். அவனே எடுத்துத் தருவான்."

சொன்னதோடு நில்லாமல், டீச்சர் கையெழுத்தில் ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தாள். வாஞ்சிநாதன் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

சாந்தினி மார்க்கெட்டின் சந்தில், தலைக்கு மேல் குழாயும் குழல்விளக்கும் தொங்குகிற ஒரு கடை. ஸ்ப்ரே கன்களைக் கொக்கியில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். கடைக்காரர் ஹால்தார் பாபு கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "கீஷேர் ஜோந்நோ, தாதா?" என்று கேட்டார். எதற்கு வேண்டும் என்று. இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது.

வாஞ்சிநாதன் சீட்டை எடுக்கப் பையில் கைவிட்ட நேரம் பார்த்து, "அடடே, வாஞ்சி சார்!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

சேஷாத்ரி. நாலு வருஷம் வாஞ்சிநாதனுக்குக் கீழே வேலை பார்த்தவர். அப்புறம் பரீட்சை எழுதினார், மேலே போனார், இன்னும் மேலே போனார், ஜெனரல் மானேஜராக ஓய்வு பெற்றார். வாஞ்சிநாதன் எங்கே ஏறினாரோ அங்கேயே இறங்கினார். சேஷாத்ரி கையில் குளியலறைக் குழாய் ஒன்று இருந்தது. ஆனால் ஜி.எம். கையில் இருந்தால் குழாய்க்குக்கூட ஒரு களை வந்துவிடுகிறது.

"என்ன சார், இந்தப் பக்கம்? ஸ்ப்ரே கன்னா?"

"கீஷேர் ஜோந்நோ?" என்று ஹால்தார் பாபு இன்னொரு முறை கேட்டார்.

'என் ஆத்துக்காரி தட்டு பண்றா, நான் அவளுக்கு அசிஸ்டென்ட்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அது தொண்டை வரைக்கும் வந்தது. அவர் தொண்டையின் துவாரமும் சின்னதாக இருந்திருக்க வேண்டும், அடைத்துக்கொண்டது.

"காடி," என்றார் வாஞ்சிநாதன். கார்.

சேஷாத்ரியின் புருவம் உயர்ந்தது. "காரா? நீங்களே பெயிண்ட் அடிக்கறேளா? ரெஸ்டோரேஷனா சார்?"

"ஆமா. ஒரு பழைய அம்பாசடர்."

"அம்பாசடரா! எந்த வருஷம்?"

"எழுபத்தாறு." தன் வாயிலிருந்து வருஷம் வந்து விழுந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம்.

"என்ன கலர்?"

"கருப்பு."

இதற்குள் ஹால்தார் பாபு கண்ணாடி அலமாரியைத் திறந்து, வெல்வெட் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஜப்பான்காரன் நகை செய்த மாதிரி இருந்தது. கார்மேல் கடைசியாக அடிக்கிற பளபளப்புப் பூச்சுக்கென்றே செய்ததாம். நாசில் துவாரம் ஒன்று புள்ளி மூன்று. பனி விழுகிற மாதிரி விழுமாம். சட்டைப் பையில் சீட்டு சரசரத்தது. அதை எடுத்தால் முதல் வரியே 'தட்டுக்கு' என்றுதான் ஆரம்பிக்கும். சேஷாத்ரி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம் சார், இதையே எடுங்கோ," என்றார் சேஷாத்ரி.

வாஞ்சிநாதன் எடுத்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் வாங்கிய முதல் சாமான் அதுதான்.

மெட்ரோவில் திரும்பி வரும்போது மனத்துக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டே வந்தார். துவாரம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நயமான தூவல். இரண்டுக்கும் ஒன்று புள்ளி மூன்றுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. கடையிலேயே சிறந்தது. ஆகவே பரிந்துரைக்கப்படுகிறது.

"இதுதான் கடையிலேயே ஒசத்தின்னான்," என்றார் வீட்டுக்கு வந்ததும். பொய்யில்லை. ஆடிட்காரர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், கேட்காததை நீயாக எடுத்து நீட்டாதே என்பது பாங்க்கில் அவர் கற்ற முதல் பாடம்.

நாகலக்ஷ்மி ஆடிட் பண்ணவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க பார்த்து வாங்கினா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் தட்டுகள் தயார். காலையில் அவள் கிளேஸைக் கரைத்து, சல்லடையில் வடித்து, நூறு மில்லி அளந்து எடை போட்டுப் பார்த்தாள். அவள் வேலையில் இது மட்டும் பூஜை மாதிரி. எடை சரியாக இருந்தால் கிளேஸின் கெட்டி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் பார்த்துக் கண் டாக்டரிடம் போகிற முறையும் வந்தது.

"வந்து அடிச்சுக்கறேன்," என்றாள்.

"எதுக்கு? நான் அடிச்சு வெக்கறேன். மெஷின் வாங்கினவனுக்கு ஓட்டத் தெரியாதா?"

"மூணு கோட். ஒவ்வொண்ணும் காஞ்சப்புறம் அடுத்தது. தெரியறதா?"

"போயிட்டு வா, நாகு."

மழைக்கோட்டு, முகமூடி, நீச்சல் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வாஞ்சிநாதன் ஷெட்டில் நின்ற கோலத்தைப் பார்த்து மாடிவீட்டுக் குழந்தை அழுததாகக் கேள்வி. முதல் தட்டைச் சுழல்பலகையில் வைத்தார். விசையை அழுத்தினார். கன் ஒரு முறை தும்மியது. இரண்டு சொட்டுத் துப்பியது. அப்புறம் வெறும் காற்று.

ஊசியைக் கழற்றிக் கழுவினார். மறுபடி தும்மல். சேஃப்டி பின்னை விட்டுக் குத்தினார். தும்மல். ஒரு மணி நேரத்தில் ஒரு தட்டில் பாதி நனைந்திருந்தது, அவர் முழுக்க நனைந்திருந்தார். அவள் வந்து பார்த்தால் முதல் கேள்வியே, துவாரம் என்ன சைஸ் என்பதாகத்தான் இருக்கும். அதிலிருந்து ஹால்தார் பாபு, சேஷாத்ரி, அம்பாசடர் என்று எல்லோரும் வரிசையாக ஷெட்டுக்குள் வந்துவிடுவார்கள்.

திடீரென்று விருந்தாளி வந்தால் ரசத்தை எப்படி நீட்டுகிறோம்? பச்சை மக்கில் தண்ணீர் மொண்டு கிளேஸ் வாளியில் ஊற்றினார். ஒரு மக். கன் கொஞ்சம் மனம் இளகியது. இன்னொரு மக். ஒழுங்காகத் தூவ ஆரம்பித்தது. இன்னும் ஒரு அரை மக். ஹால்தார் பாபு சொன்ன பனி, சொன்னபடியே விழுந்தது. இருபத்து நான்கு தட்டுக்கும் மூன்று கோட் அடித்தார். வாளியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார்.

கண்ணில் மருந்து விட்ட மயக்கத்தோடு வந்த நாகலக்ஷ்மி தட்டுகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்த கிளேஸ் எப்படியும் வெறும் மாவு மாதிரிதான் இருக்கும். "பரவாயில்லையே, ஒரு சொட்டு வழியலை!" என்றாள். கவிழ்த்த வாளியைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். "வாளிகூட அலம்பி வெச்சுட்டேளா? தேங்க்ஸ்னா."

அந்த தேங்க்ஸ் வாஞ்சிநாதனின் விலாவில் மீன்முள் மாதிரி குத்தியது. அவர் போய்ப் பச்சை மக்கையும் கழுவி வைத்தார்.

இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தாள். பூசணிக்காய் இல்லை. இருபத்து நான்கு தட்டும் சுட்ட அப்பளத்தின் நிறத்தில் சொரசொரவென்று இருந்தன. விளிம்பில் வெறும் மண் தெரிந்தது. நாகலக்ஷ்மி ஒரு தட்டை எடுத்து ஓரத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து வாஞ்சிநாதன் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"என் தப்புதான்," என்றாள் அவள்.

அவர் அதற்குத் தயாராக இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவரைக் கேட்டாள், "மூணு கோட் அடிச்சேள் இல்லையா?"

"மூணு கோட் அடிச்சேன்." இதுவும் பொய்யில்லை. சத்தியமான ஒரு பதிலைச் சொல்லிவிட்டு இவ்வளவு கேவலமாக அவர் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

அடுத்த ஐந்து நாளும் நாகலக்ஷ்மி தப்பைத் தேடினாள். வீடு முழுக்கத் தேடினாள். பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த தப்பை மட்டும் விட்டுவிட்டாள். புது மூட்டைக் கல்மாவில் கலப்படம் என்று கடைக்காரரிடம் போனில் சண்டை போட்டாள். புதிதாகக் கொஞ்சம் கரைத்து ஓட்டுச் சில்லை முக்கிச் சுட்டாள். பூசணிக்காய் அழகாக வந்தது. கடைக்காரருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாள். அதையும் வாஞ்சிநாதன் பக்கத்தில் இருந்து கேட்டார்.

"சில்லுல வரது, தட்டுல வரலை," என்றாள். "பரீட்சைல பாஸ் பண்ணிட்டு வேலைல திணறற பசங்க இருக்கா இல்லையா, என் கிளேஸும் அப்படித்தான் போலருக்கு. நான்தான் ஆசையில பெரிசா நெனைச்சுண்டுட்டேன்."

"அப்படிச் சொல்லாதே, நாகு."

"வேற எப்படிச் சொல்றது?"

வேறு எப்படிச் சொல்வது என்று தெரிந்த ஒரே மனிதர் எழுந்து, காய்கறி வாங்கப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

சொல்லிவிடலாம் என்று கிளம்பாமல் இல்லை. திங்களன்று லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது முழு வாக்கியத்தையும் தயாரித்தார். வீட்டுக்கு வருவதற்குள் கத்தரிக்காய் மட்டும் மிஞ்சியது. புதனன்று காளிகாட் கோயில் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, அம்மனிடம் எல்லாவற்றையும் தமிழில் ஒப்பித்தார். நாசில் அளவு வரை சொன்னார். பின்னால் நின்றவர் இடித்துத் தள்ளியபோதுதான், இதெல்லாம் அம்மனுக்கு முன்பே தெரியும், தெரிய வேண்டியவள் வீட்டில் உட்கார்ந்து சல்லடை கழுவிக்கொண்டிருக்கிறாள் என்பது உறைத்தது.

போதாக்குறைக்கு சேஷாத்ரி. ஓய்வு பெற்ற அதிகாரிகளின் வாட்ஸாப் குழுவில் 'நம் வாஞ்சி சார் 1976 அம்பாசடரைத் தன் கையாலேயே புதுப்பிக்கிறார்' என்று போட்டுவிட்டார். நாற்பத்தொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பாங்க்கில் முப்பத்தோரு வருஷத்தில் அத்தனை பேர் சேர்ந்து அவரைப் பாராட்டியதே கிடையாது. 'போட்டோ எங்கே சார்?' என்று தினம் ஒரு செய்தி வந்தது. இல்லாத காரைப் பாராட்டினார்கள். இருக்கிற தட்டுகள் ஷெட்டில் கவிழ்ந்து கிடந்தன.

வெள்ளிக்கிழமை காலை வைஷாலி வந்தாள். பொய்லா பைசாக்குக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நாகலக்ஷ்மி அவளை ஷெட்டில் முக்காலியில் உட்காரவைத்து, காபி கொடுத்து, நேராகவே சொல்லிவிட்டாள்.

"இந்தக் கலரை என்னால நம்பித் தர முடியலைம்மா. உன் கடை நாளைக் கெடுக்க மாட்டேன். தெரிஞ்ச ஸ்டுடியோ ஒண்ணு இருக்கு, ரெடியா வெள்ளைத் தட்டு வெச்சிருக்கா. நானே கூட வந்து வாங்கித் தரேன்."

"ஆன்ட்டி, இன்னொரு தடவை ட்ரை பண்ணலாமே? எனக்கு அந்தக் கலர்தான் வேணும்."

"ரெண்டு வருஷமா ட்ரைதான் பண்ணினேன். போறும்." வாசல்பக்கம் நின்றிருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்னா, அந்த நீல டப்பாவை வெளியில குடுத்துடுங்கோ. குப்பை வண்டி வரது."

நீல டப்பாவில் இருந்தது நூற்றுப் பதினைந்தாம் எண், பொடியாகக் கலந்தது, அத்தனையும். அதன் மூடிமேல் நோட்டும் இருந்தது. தெருவில் குப்பைக்காரரின் விசில் கேட்டது. வாஞ்சிநாதன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பன்னிரண்டு கிலோ இருக்கும். கைவண்டிக்காரர் "தின், தாதா," என்று கையை நீட்டினார், கொடுங்கள் என்று.

கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. வாளியை ஏற்கெனவே அவர் கழுவியாகிவிட்டது. நாகலக்ஷ்மி ஒரு மாதம் வருத்தப்படுவாள், அப்புறம் வெள்ளைத் தட்டு செய்வாள். அதையும் அழகாகத்தான் செய்வாள். யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக எந்த ஆடிட்டிலிருந்தும் அவர் தப்பியதில்லை.

கைவண்டிக்காரர் அடுத்த வீட்டுக்கு விசில் ஊதினார். வாஞ்சிநாதன் டப்பாவோடு உள்ளே திரும்பி வந்தார்.

"தண்ணி ஊத்தினேன்," என்றார்.

"என்ன?"

"கிளேஸ்ல. நீ கண் டாக்டர்கிட்ட போனப்போ. ரெண்டரை மக்."

வைஷாலி காபியை ஒரே மடக்காக விழுங்கினாள்.

"எந்த மக்?" என்றாள் நாகலக்ஷ்மி.

"பச்சை."

நாகலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. அவள் கணக்குப் போடுகிறாள் என்று வாஞ்சிநாதனுக்குத் தெரியும். கண்ணைத் திறந்தபோது அதில் தண்ணீர் நின்றது. ஆனால் முகம் என்னவோ சிரித்தது.

"அப்படின்னா பாதி கெட்டிகூட இருந்திருக்காதே! வைஷாலி, கேட்டியா? கிளேஸ் சரிதான்! தட்டுல ஏறினதே பாதிதான்! ஐயோ, அஞ்சு நாளா நான்..." நோட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

தப்பித்தோம் என்று வாஞ்சிநாதனுக்குக்கூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் கெமிஸ்ட்ரி டீச்சர். விளைவு தெரிந்தால் போதாது, காரணமும் தெரிய வேண்டும்.

"எதுக்குத் தண்ணி ஊத்தினேள்?"

"கன் அடைச்சிண்டுது."

"ரெண்டு மில்லிமீட்டர்ல அடைக்காதே."

"ரெண்டு இல்லை. ஒண்ணு புள்ளி மூணு."

"எழுதிக் குடுத்தேனே. கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானா?"

இதோ, கதவைத் திறந்தே வைத்துவிட்டாள். ஆமாம் என்றால் போதும். ஹால்தார் பாபு சாந்தினியில் இருக்கிறார், அவர் காதில் விழப்போவதில்லை.

"இல்லை, நாகு. அவர் சரியாத்தான் கேட்டார், எதுக்குன்னு. நான்தான் காருக்குன்னு சொன்னேன்."

"எந்தக் காருக்கு?"

"பக்கத்துல சேஷாத்ரி நின்னுண்டிருந்தான்."

அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் குடித்தனம் பண்ணியவள். ஆனாலும் அவர் விளக்கினார். எழுபத்தாறாம் வருஷ மாடல், கருப்பு நிறம், வாட்ஸாப், நாற்பத்தொரு கட்டைவிரல், எல்லாவற்றையும். நடுவில் வைஷாலி எழுந்து, "நான் வேணா வெளியில இருக்கட்டுமா ஆன்ட்டி?" என்றாள்.

"நீ உக்காரு. அவர் சொல்லி முடிக்கட்டும்."

முடித்தார். நாகலக்ஷ்மி நோட்டை மேஜைமேல் வைத்தாள்.

"என் பொண்டாட்டி தட்டு பண்றாள்னு சொல்ல அவ்வளவு வெக்கமா இருந்துதா?"

"உன்னை நெனைச்சு இல்லை. என்னை நெனைச்சு. அவன் ஜி.எம்.மா ரிடையர் ஆனவன். நான் சீட்டை வெச்சுண்டு எடுபிடியா..."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "முப்பத்து மூணு வருஷத்துல யார் கேட்டாலும் பாங்க் ஆபீசர்னுதான் சொன்னேன். நாற்காலி வாங்கறவர்னு ஒரு நாள் யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? எனக்கு வெக்கம்னு இல்லை. அது போறாதுன்னு உங்களுக்கு ஒரு குறை உண்டு, அதுக்காக."

வாஞ்சிநாதன் இன்னும் டப்பாவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். கை வலித்தது. கீழே வைக்கலாமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"வைஷாலி, உன் கார் இருக்கா? சாந்தினி வரைக்கும் போயிட்டு வரலாம். இந்தக் கன்னை மாத்தணும்."

"நானும் வரேன்," என்றார் அவர்.

"வேண்டாம்."

அவர்கள் போனபின் அவர் டப்பாவை இறக்கி வைத்தார். கவிழ்ந்து கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அப்புறம் சேஷாத்ரிக்குப் போன் பண்ணினார். ஒத்திகை பார்த்தால் மறுபடி கத்தரிக்காய்தான் மிஞ்சும் என்று ஒத்திகை பார்க்கவில்லை.

"சேஷாத்ரி, அம்பாசடர் கிடையாது. அன்னிக்குக் கடைல பொய் சொன்னேன். என் ஆத்துக்காரி பீங்கான் தட்டு பண்றா. அந்த கன் அதுக்குத்தான். நான் அவளுக்கு அசிஸ்டென்ட்."

"கார் இல்லையா?" என்றார் சேஷாத்ரி. மனுஷர் நிஜமாகவே ஏமாந்துபோயிருந்தார். "ஒரு ரவுண்டு போகலாம்னு நெனைச்சேன். போறது. நமக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை சார். என் ஆத்துக்காரி கலா யோகா கிளாஸ் நடத்தறா, பாய் விரிக்கறதுகூட நான் சரியா விரிக்கறதில்லைன்னு அனுப்பிட்டா. ஆமா, தட்டு வாங்கக் கிடைக்குமா?"

வாஞ்சிநாதன் போனை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். கேலி பண்ணக் காத்திருக்கிறது என்று அவர் நினைத்திருந்த உலகத்துக்குத் தட்டு வேண்டுமாம். இதற்குத்தானா அவளை ஐந்து நாள் அழவிட்டோம் என்று நினைத்தபோது, வெட்கம் முன்னைவிட இரண்டு மடங்காயிற்று.

நாகலக்ஷ்மி புதுக் கன்னோடு வந்தாள். வெல்வெட் பெட்டி கிடையாது. பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தது. துவாரம் இரண்டு மில்லிமீட்டர். ஹால்தார் பாபுவிடம் தட்டுக்கென்று சொன்னாளாம். அரை நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தாராம். இதை வைஷாலிதான் சொன்னாள். நாகலக்ஷ்மி அன்று முழுக்க அவரிடம் மூன்று வார்த்தைதான் பேசினாள்: "சாதம் மூடி வெச்சிருக்கு."

பாழான தட்டுகளை அவள் தூக்கிப் போடவில்லை. ஒரு முறை கிளேஸோடு சுட்ட தட்டு ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் சூடாக்கி வைத்துக்கொண்டு அடித்தால் கிளேஸ் பிடித்துக்கொள்ளும். முதலில் ஒரே ஒரு தட்டைச் செய்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சூளையைத் திறந்தபோது வாஞ்சிநாதன் வாசல்பக்கமே நின்றார், கிட்டே போக உரிமை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பச்சை, அதன்மேல் வெள்ளைப் பொடி பூத்த மாதிரி ஒரு படலம். போட்டோ எடுத்து வைஷாலிக்கு அனுப்பினாள். அவரிடம் காட்டவில்லை. ஆனால் மேஜைமேல் அவருக்குத் தெரிகிற பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை மற்ற இருபத்து மூன்று. சமையலறை ஓவனில் சூடாக்கி, துணியில் சுற்றி, மாடியிலிருந்து ஷெட்டுக்குத் தட்டுகளைத் தூக்கி வருவது அவர் வேலை. கன் அவள் கையில். எடை போட்டாள், சல்லடையில் வடித்தாள், முகமூடி மாட்டினாள்.

"சுழல்பலகையைத் திருப்ப ஆள் வேணும்," என்றாள், சுவரைப் பார்த்து.

வாஞ்சிநாதன் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகைக்கு அந்தப் பக்கம் குந்தினார். அவள் விசையை அழுத்தினாள். கன் தும்மவில்லை. கிளேஸ் விசிறியாகக் கிளம்பித் தட்டின்மேல் படிந்தது. தட்டைத் தாண்டியதெல்லாம் அவர் மீசைமேல் படிந்தது. அவர் வாயைத் திறக்காமல் திருப்பினார். ஐந்தாவது தட்டில் அவருடைய வலது கன்னம் வெளுத்துவிட்டது. ஒன்பதாவதில் காது.

"நாகு."

"ம்."

"கோவம் போயிடுத்தா?"

"இல்லை."

"எப்போ போகும்?"

"தெரியலை. நிறுத்தாதீங்கோ, ஒரே எடத்துல கெட்டியா விழறது. திருப்புங்கோ."

அவர் திருப்பினார்.